பிரேக் இல்லாத வண்டி

ஜூன் 3, செவ்வாய்

வண்டி: சக்கர நாற்காலி. புறப்பட்ட இடம்: கட்டில். சேர்ந்த இடம்: ஜன்னல். டியூட்டி: இல்லை.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவனுக்கு வண்டி டைரி எழுதாவிட்டால் சோறு இறங்காது. எங்கிருந்து எங்கே, என்ன டியூட்டி என்று எழுதிய பிறகுதான் சாவியைத் தொட விடுவார்கள். சிக்கிமில் லாரியோடு பள்ளத்தில் போய், நெஞ்சுக்குக் கீழே எதுவும் அசையாது என்றாகி, பாளையங்கோட்டை வீட்டில் முடங்கி மூன்றாவது வருஷம் ஓடுகிறது. லாரி போனாலும் பழக்கம் போகவில்லை. "ஜன்னலுக்குப் போறதெல்லாம் ஒரு டிரிப்பாங்க?" என்று வடிவு கேட்கிறாள். என் பெண்டாட்டி. முழுப்பெயர் சங்கரவடிவு. வாய் கொஞ்சம் நீளம்.

இன்றைக்கு ஒரு கூத்து. மத்தியானம் ஒருத்தன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். வலது கால் தொடையோடு சரி. முப்பது வயது இருக்கும். பெயர் காஜா மைதீன், மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடுகிற டீமாம்.

"அண்ணாச்சி, நீங்க நம்ம டீமுக்கு வரணும்."

"எனக்குப் பந்தே பிடிக்கத் தெரியாதே, தம்பி."

"பந்த விடுங்க. உங்க பாயின்ட்டுதான் வேணும். உங்களுக்கு ஒரு பாயின்ட்டு போடுவாங்க."

விளக்கிச் சொன்னான். உடம்பு எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்கேற்ற மார்க். காலில்லாத அவனுக்கு நாலரை. நெஞ்சுவரை போன எனக்கு ஒன்று. அதற்குக் கீழே மார்க்கே கிடையாதாம். களத்தில் இறங்குகிற ஐந்து பேரின் மார்க்கைக் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. இவர்களிடம் இருந்த ஒரே 'ஒன்று' ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட்டானாம். வேறு ஒரு 'ஒன்று' கிடைத்தால்தான் காஜாவும் இன்னொரு நாலரையும் சேர்ந்து இறங்க முடியும். இல்லாவிட்டால் அவர்களில் ஒருத்தர் வெளியே. செப்டம்பரில் மாநிலப் போட்டி, அதுவும் நம்மூரிலேயே.

ஆக, இருப்பதிலேயே ஒன்றுக்கும் ஆகாத ஆள் யார் என்று தேடி என்னிடம் வந்து நிற்கிறான்! "வந்த வழியப் பாத்துப் போ வே" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். வடிவு அவனுக்கு முறுக்கும் டீயும் கொடுத்து, வாசலில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். நம் வீட்டு விலாசம் அவனுக்கு யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

வண்டி ஓடவில்லை. போகமாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

போகவே மாட்டேன். மத்தியானம் சுண்டவற்றல் குழம்பு.

ஜூன் 7, சனி

புறப்பட்ட இடம்: வீடு. சேர்ந்த இடம்: ஸ்டேடியம். டியூட்டி: இல்லை. கடத்திக்கொண்டு போனார்கள்.

"சாரல் நல்லா விழுது, ஆட்டோவுல ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றாள் வடிவு. ஆட்டோ நேராக உள்விளையாட்டு அரங்கத்து வாசலில் போய் நின்றது. "என்னட்டி இங்க?" என்றால், "ஆட்டோக்காரரு நிறுத்திட்டாரு, நான் என்ன செய்ய?" என்கிறாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

உள்ளே பத்துப் பேர் நாற்காலியில் பறக்கிறார்கள். நாற்காலியும் நாற்காலியும் மோதுகிறபோது இரும்புச் சத்தம் அரங்கம் முழுக்க எதிரொலிக்கிறது. முதல் சத்தத்துக்கே என் இரண்டு கையும் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. தரை வழுக்கல், அதனால்தான்.

"வாங்க மிலிட்டரி. லேட்டு" என்றது ஒரு குரல். ஜெபக்கனி டீச்சர், அவர்களுடைய கோச். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் ஃபிளாஸ்க். நான் வருவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆட்ட நாற்காலி ஒன்றில் என்னை ஏற்றினார்கள். இரண்டு பக்கச் சக்கரமும் சாய்ந்து கிடக்கிறது. பின்னால் தள்ளக் கைப்பிடி இல்லை. நான் எப்போதும் முதலில் தேடுவதைத் தேடினேன்.

"பிரேக் எங்க டீச்சர்?"

"பிரேக்கா? உங்க கைதான்."

பிரேக் இல்லாத வண்டி! எங்கள் பட்டாளத்தில் இதைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். நெஞ்சைச் சுற்றிப் பட்டையை இறுக்கினார்கள். சும்மா ஒரு தள்ளு தள்ளினேன்.

அடேயப்பா! வீட்டு நாற்காலி எருமை என்றால் இது கன்றுக்குட்டி. ஒரு தள்ளுக்கு அரங்கத்தில் பாதி போய்விட்டது. இடது சக்கரத்தைப் பிடித்தால் அங்கேயே ஒரு சுற்று. முகத்தில் காற்று அடித்தது. ஓட்டுகிறபோது அடிக்கிற காற்று வேறு, ஃபேன் காற்று வேறு. எனக்குத் தெரியாதா! திரும்பத் திரும்பச் சுற்றினேன். "போதும் மிலிட்டரி, இறங்குங்க" என்று டீச்சர் விசில் ஊதினார். எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். வடிவு சோறு பிசைந்து ஊட்டினாள். அடுத்த சனிக்கிழமையும் போகிறேன், அந்த நாற்காலியின் பேரிங் சரியில்லை, அதைப் பார்க்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 21, சனி

பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. டீம்தான் சரியில்லை. நானும் டீமில் இருக்கிறேன், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

என் வேலை என்ன என்று இன்றைக்குச் சொன்னார் டீச்சர். "நீங்க பந்தத் தொட வேண்டாம். காஜா கூடைக்குப் போவான். அவன மறிக்க ஒருத்தன் வருவான். நீங்க நடுவுல போய் நின்னுக்கணும். வாரவன் உங்கள இடிச்சுட்டு நிக்கட்டும். அதுக்குள்ள இவன் போட்டுருவான்."

"நான் போட வேண்டாமா?"

"நீங்க நகராம இருந்தா போதும்."

இரண்டு வருஷமாக நான் செய்து வருகிற வேலை அதுதானே! அதற்கு எதற்குப் பிராக்டிஸ்?

ஜூன் 28, சனி

வண்டி இடது பக்கம் இழுக்கிறது. எதிரே ஆள் வரும்வரை நேராக நிற்கிறது. கிட்டே வந்ததும் இடது பக்கம் போய்விடுகிறது. வந்தவன் எனக்குப் பக்கத்தில் சர்ரென்று போய் காஜாவை மடக்கிவிடுகிறான். ஒவ்வொரு தடவையும் இதே கதை.

"ஏன் ஒதுங்குதீங்க மிலிட்டரி?" என்று கேட்டார் டீச்சர்.

"நான் எங்க ஒதுங்குனேன்? வண்டி இழுக்கு."

காஜாவின் நாற்காலியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதுவும் இடது பக்கம் இழுக்கிறது. எல்லா நாற்காலியும் ஒரே பட்டறையில் செய்ததாக இருக்கும்.

ஜூலை 3, வியாழன்

நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். காலையில் டீச்சர் போன் செய்து, "வயிறு சரியில்லையா, மனசு சரியில்லையா?" என்கிறார். இந்தம்மாவுக்கு எல்லாம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. விளையாட்டு டீச்சர் மூளை போலிருக்கிறது. பக்கத்தில் வடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கேட்டதால் எழுதுகிறேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அன்றைக்கு ஏறிக்கொண்டிருந்தது நான். லாரியில் நான் மட்டும்தான். எதிரே இறங்கிய லாரி நிறையப் பட்டாளத்துப் பையன்கள். பனியில் அதற்குப் பிரேக் பிடிக்கவில்லை, சறுக்கிக்கொண்டே வந்தது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம். பாறையில் உரசி நிற்கட்டும் என்று அந்தப் பக்கத்தை அவர்களுக்கு விட்டு, நான் இடது பக்கம் ஒடித்தேன். அவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஒதுங்கியதற்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வடிவு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள், ஜன்னலுக்கு நேர் எதிரே.

போதும். வண்டி டைரியில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். டவுனுக்குப் போனோம். மூன்று வருஷம் கழித்துக் கூட்டத்துக்குள் போனேன். ஒரு ஜவுளிக்கடைப் படிக்கட்டு ஓரம் இடம் கிடைத்தது.

எல்லாரும் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். மாடி உயரத் தேர் ஆடிக்கொண்டே வருகிறது. அதன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கட்டையோடு குனிந்து நிற்கிறார். தேரை நிறுத்த வேண்டிய இடம் வருகிறவரை அசையவில்லை. சக்கரம் வந்து தொடப் போகிறது, நான் என் நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். கட்டையைச் செருகினார். அவ்வளவு பெரிய தேர் கிறீச்சென்று நின்றது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

"என்னங்க, சாமியப் பாத்தியளா?" என்றாள் வடிவு.

"பாத்தேன்" என்றேன்.

ஜூலை 19, சனி

மதுரையிலிருந்து ஒரு டீம் வந்தது. நட்பு ஆட்டம். நான் இறங்கினேன். காஜா பந்தோடு போனான், ஒருத்தன் அவனை நோக்கி வேகமாக வந்தான், நடுவில் நான். ஒதுங்கிவிட்டேன். வந்த வேகத்தில் அவன் காஜாவின் மேல் ஏறிவிட்டான். காஜா நாற்காலியோடு கவிழ்ந்தான். இடது கை விரல் வீங்கிவிட்டது.

வண்டி இழுக்கவில்லை. வண்டி மேல் தப்பு இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

காஜா விரலில் கட்டோடு வந்தான். பந்து போடுகிற கை வலது கைதான், கவலைப்படாதீர்கள் என்று அவன் எனக்குத் தைரியம் சொல்கிறான்!

"வேற ஆளப் பாரு தம்பி. என்னால முடியல. எதுக்க ஏதாச்சும் வந்தா கை தன்னால ஒடிக்குது" என்றேன்.

அவன் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த பத்திரத்தைப் பார்த்தான். வடிவு அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க ஒதுங்குனதால அம்புட்டுப் பேரு பொழச்சாங்க, சரி. இங்க நீங்க ஒதுங்குனா அடி எனக்குல்லா விழுது."

எனக்குச் சுருக்கென்றது. அவன் கோபத்தில் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னான். டீயைக் குடித்துவிட்டு, "சனிக்கிழம வாங்க. வேற 'ஒன்னு' நமக்கு இல்ல" என்று போய்விட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

இதை மறக்காமல் எழுத வேண்டும்.

ஆட்ட நாற்காலியை டீச்சர் எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். மத்தியானம் காலியாகக் கிடக்கிற பின்வாசல் முற்றத்தில் நான் அதில் உட்கார்ந்துகொண்டு, "வடிவு, அந்தப் பழைய நாற்காலியில உக்காந்து வந்து என்ன இடிட்டி" என்றேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் தடவை பூப்போல வந்து முட்டினாள். அதற்கே ஒதுங்கினேன். இரண்டாவது தடவையும் ஒதுங்கினேன். வடிவுக்குக் கோபம் வந்துவிட்டது. சுவர்வரை பின்னால் போனாள். "இது எங்க அண்ணன் வந்தப்ப மொகத்தத் திருப்பிக்கிட்டதுக்கு" என்று வந்தாள். டமார்! நான் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் நகரவில்லை.

மறுபடியும் சுவருக்குப் போனாள். "இது எங்கிட்ட பேசாம ஜன்னல்கிட்டப் பேசுனதுக்கு." டமார்! "இது, 'நான் செத்தா நீ வேற கல்யாணம் பண்ணிக்கோ'ன்னு சொன்னியள்ளா, அதுக்கு." டமார்! அந்தக் கடைசி இடிக்கு என் பல்லே ஆடியது. பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, "வடிவு, என்ன சத்தம்? அடிச்சுக்கிடுதியளா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, பிராக்டிஸ்" என்றாள் இவள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கும்தான். அவள் சிரித்து, சிரித்து, அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள். என் கண்ணிலும் தூசி விழுந்துவிட்டது. முற்றத்தில் காற்று அதிகம்.

ஆகஸ்ட் 2, சனி

நின்றேன்! நின்றேன்! நின்றேன்! எதிரே ஆடிய ஐந்து பேரும் மாறி மாறி இடித்தார்கள். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டினார். காஜா கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். பிராக்டிஸ் இருக்கிறது, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பத்திரத்தை ஜன்னல் எதிரிலிருந்து அலமாரிக்கு மாற்றினோம். அந்த ஆணியில் இப்போது ஜெர்சி தொங்குகிறது.

செப்டம்பர் 13, சனி

மாநிலப் போட்டி. காலையில் திருச்சியை ஜெயித்தோம், சாயங்காலம் கடலூரை. நாளைக்கு சேலத்தோடு இறுதி ஆட்டம். சேலத்தில் ஒரு மீசைக்காரர் இருக்கிறார். அந்தத் தோள் இரண்டும் மாட்டு வண்டி நுகத்தடிதான். அவர் இடித்து இன்றைக்கு மட்டும் மூன்று பேர் கவிழ்ந்துவிட்டார்கள். நாளை அவரை மறிக்க வேண்டியது நான்.

பயமாக இருக்கிறது. எழுதியே விட்டேன், இனி என்ன. ஆனால் விடியட்டும் விடியட்டும் என்றும் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

புறப்பட்ட இடம்: வீடு. சேர்ந்த இடம்: ஸ்டேடியம். டியூட்டியை அப்புறம் எழுதுகிறேன், முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மேலப்பாளையமே காஜாவுக்காக வந்திருந்தது. மீசைக்காரர் முதல் பாதியில் இரண்டு தடவை என்னை இடித்தார். இரண்டு தடவையும் நின்றேன். அதன்பிறகு ஒரு தடவை ஒதுங்கினேன். ஆமாம், ஒதுங்கினேன், காஜாவின் பந்து பறிபோனது. டீச்சர் ஒன்றும் திட்டவில்லை. "மிலிட்டரி, தண்ணி குடிங்க" என்றார். அது திட்டியதை விட மோசம்.

கடைசி நிமிஷம். சேலம் ஒரு பாயின்ட் முன்னால். பந்து காஜாவிடம். வலது ஓரமாகக் கூடைக்குப் போகிறான். அந்தக் கோடியிலிருந்து மீசைக்காரர் புறப்பட்டார். நான் முந்திக்கொண்டு போய் நடுவில் நின்றேன். அவர் வருகிறார். சக்கரம் தரையில் கத்துகிறது. அவர் முகம் தெரிகிறது, மீசையில் வியர்வை தெரிகிறது. எனக்கு இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது. நன்றாகத் தெரிந்தது. கையும் சக்கரத்தில்தான் இருந்தது.

பின்னால் காஜாவின் நாற்காலிச் சத்தம் கேட்டது. என் இரண்டு கையும் சக்கரத்தை இறுகப் பிடித்தன. "வாரும் வே!" என்று கத்தினேன்.

வந்தார். அந்த இடி காதுக்குள் இன்னும் இருக்கிறது. நாற்காலியோடு கவிழ்ந்து, பட்டையில் கட்டியபடியே மல்லாந்து கிடந்தேன். மேலே விளக்குகள், இரும்புச் சட்டத்தில் ஒரு புறா. அப்புறம் கூரை பிய்ந்துவிடும் போல ஒரு கூச்சல். யார் கத்துகிறார்கள்? நம்மாட்களா, சேலத்துக்காரர்களா? எனக்குக் கூடை தெரியவில்லை, காஜா தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

களத்துக்குள் யாரும் வரக்கூடாது என்பது சட்டம். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு வடிவு ஓடி வந்தாள். முழங்கால் போட்டு என் தலையைத் தூக்கினாள்.

"பந்து விழுந்துச்சாட்டி?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்?" என்று அழுதுகொண்டே கத்தினாள். "நான் உங்களையில்லா பாத்துக்கிட்டு இருந்தேன்! நீங்க நகரவே இல்லங்க. நகரவே இல்ல!"

காஜா நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேர் மேலேயும் விழாத குறையாக நின்றான். "விழுந்துச்சு அண்ணாச்சி! ஜெயிச்சுட்டோம்!" மீசைக்காரர்தான் கை கொடுத்து என்னை நிமிர்த்தினார். "எங்கூர்ல வந்து ஆடுறீங்களா?" என்று கேட்டார். டீச்சர் வடிவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேம்லா வடிவு, டெய்லி போன்ல சொன்னேம்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டெய்லியா? இதை நான் அப்புறம் விசாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

வண்டி பழுது: வலது சக்கரத்தில் இரண்டு கம்பி வளைந்தது. ஓட்டுநர் பழுது: முழங்கையில் சிராய்ப்பு, தொண்டை கட்டிவிட்டது.

புறப்பட்ட இடம்: கட்டில். சேர்ந்த இடம்: ஸ்டேடியம், இன்னும் சேரவில்லை, ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்கிறது, வடிவு கத்துகிறாள்.

டியூட்டி: உண்டு.